வீட்டுப் பூச்சிகள்: ஹட்டனுக்கு வைகாசி, பதுளைக்கு ஐப்பசி

ஆசிரியருக்கு,

வீட்டுப் பூச்சிகளைப் பற்றி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கொழும்பை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. மிச்சம் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அரிசியை மொட்டைமாடியில் காயவை, கொல்லை வேம்பில் இரண்டு கொத்துப் பறித்துப் போடு என்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு மொட்டைமாடி ஏது? வட்டவளை மழையில் வேம்பும் செழிப்பதில்லை. இதைவிடப் பெரிய தவறு, நாடு முழுவதற்கும் ஒரே மாதத்தைக் குறித்து "மழைக்காலம் வருகிறது, துப்புரவு செய்யுங்கள்" என்று சொல்லிவிடுவது. மலையகத்தில் ஒரே மாதத்தில் மலையின் ஒரு பக்கம் அடைமழையாகவும் மறுபக்கம் புழுதியாகவும் இருக்கும். கொழும்பு நாட்காட்டியைப் பார்த்து மருந்து அடித்தால் ஒரு பக்கத்துக்காவது அது காலம் தவறிய வேலையாகத்தான் முடியும்.

தென்மேற்குப் பருவமழை மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் கொட்டுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் அந்தப் பக்கம். அதே நாட்களில் கிழக்கே ஊவாவில், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளை, பசறை பக்கம், மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்றுதான் வீசும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும்போது மேற்குச் சரிவில் பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் இரு பக்கமும் பின்னேரத்தில் இடி மழை பெய்யும். தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. மேற்குச் சரிவின் திம்புள்ளைத் தேயிலையின் தரம் ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. எலிக்கும் நுளம்புக்கும் கணக்கு இதேதான், ஆனால் அந்தக் கணக்கை யாரும் லயத்துக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும். பதுளை நகரம் 680 மீற்றர், ஹட்டன் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றன. பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஏழு பாகைக்குக் குறையாத வித்தியாசம் உண்டு. பூச்சிக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று இல்லை. சுற்றியிருக்கும் சூடு எவ்வளவோ அந்த வேகத்தில்தான் அது வளரும். வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர 30 பாகையில் 10 – 12 நாள், 25 பாகையில் 16 நாள், 16 பாகையில் ஏறத்தாழ ஏழு வாரம் எடுக்கும். மூட்டைப்பூச்சியின் முட்டை 23 பாகையில் பத்து நாளுக்குள் பொரிக்கும். 18 பாகையில் மூன்று வாரம்வரை இழுக்கும். மருந்துப் போத்தலில் "பத்து நாள் கழித்து மறுபடி அடிக்கவும்" என்று போட்டிருப்பது கடற்கரைச் சூட்டுக்குப் பொருந்தும். பத்தாம் நாள் நுவரெலியாவில் அடித்தால் முட்டை இன்னும் பொரிக்காமலே இருக்கும். மருந்து முட்டைக்குள் போகாது. பிறகு "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். மருந்தில் பிழையில்லை, நாள்தான் பிழை. 1,500 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள் இரண்டாம் தடவையை மூன்று வாரத்துக்குப் பிறகும், மூன்றாம் தடவையை இன்னும் மூன்று வாரம் கழித்தும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்குச் சரிவில் முதலில் கவனிக்க வேண்டியது எலி. வைகாசி மழையின் முதல் இரண்டு மூன்று வாரத்தில் கான்களின் (வடிகால்களின்) கரையிலும் தேயிலை மலையின் ஓரத்திலும் உள்ள வளைகளில் தண்ணீர் நிறையும். எலி மேடு தேடி லயத்துக்கு வரும். பக்கத்து மலையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை, நடந்தாலும் இதே கதைதான். செடியின் மறைவு போனதும் அதற்குள் இருந்த எலியும், எலியைத் தேடும் பாம்பும் இடம் மாறும். ஆகவே ஓட்டை அடைக்கும் வேலையைச் சித்திரையில் முடித்துவிட வேண்டும். மே மாதக் கடைசியில் அடைத்தால் எலியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி வரும், பெருவிரல் நுழையும் ஓட்டையில் பெரிய எலி வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சுவர் ஓட்டைக்குப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, அதன்மேல் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் பூசலாம். வெறும் சாந்து மட்டும் என்றால் ஈரம் காய்வதற்குள்ளேயே சுரண்டிவிடும். கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தகரப் பட்டி அடிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது கூரையில். அலைத் தகரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அதைச் சாந்தால் அடைப்பது வீண் செலவு. தகரம் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், சாந்து சில நாளில் வெடித்து விழுந்துவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை நாலு அங்குலப் பட்டியாக வெட்டி, மடித்து, அலைக்குள் தள்ளிச் சுவர் மரத்தோடு ஆணி அடித்தால் தகரம் அசைந்தாலும் வலை நிற்கும். பின் லயத்துக்கும் முன் லயத்துக்கும் நடுச்சுவர் ஒன்றாக இருந்து, அது கூரைவரை எழும்பாமல் நின்றால், எலி அந்தச் சுவரின் தலைமேல் பன்னிரண்டு காம்பராவையும் (அறை வீட்டையும்) ஓடிக் கடக்கும். ஒரு வீடு மட்டும் அடைத்து அங்கே பயனில்லை.

பொறியை ஓர் இரவுக்கு ஒன்றாக வைப்பதும் பிழை. எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் கிட்ட வராது. அதனால் பத்துப் பொறியையும் சேர்த்து, விசையைப் பூட்டாமல், சுட்ட கருவாட்டுத் துண்டு அல்லது தேங்காய்ச் சொட்டு கட்டி மூன்று இரவு சும்மா வைக்க வேண்டும். நாலாவது இரவு எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பொறி சுவருக்குக் குறுக்காக, தீனி இருக்கும் முனை சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். எலி சுவரோரமாகத்தான் ஓடும். தீனியை நூலால் கட்டாவிட்டால் விசை தட்டுப்படாமல் இழுத்துக்கொண்டு போய்விடும். செத்த எலியைக் கையுறை அல்லது இரட்டைப் பொலித்தீன் பை போட்டு எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். ஒரு பங்கு வெளுக்கும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் வழியாக. கான் வெட்டுபவர்களும் வயலில் இறங்குபவர்களும் மழை தொடங்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், டொக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரை யாருக்கு, எப்போது என்று சொல்வார். வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமான அளவு, ஆனாலும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. எலி நஞ்சு வைத்தே ஆக வேண்டும் என்றால் உறையை வீசாமல் வைத்திருங்கள். பிள்ளையோ நாயோ தின்றுவிட்டால் அந்த உறையில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் மாற்று மருந்து தர முடியும். இரத்தம் உறையாமல் செய்யும் வகை நஞ்சு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை எடுத்துக் கொல்லும். "இன்று வைத்தேன், சாகவில்லை" என்று அடுத்த நாளே இரட்டிப்பாக வைப்பது ஆபத்து.

ஆனி, ஆடியில் ஹட்டன் பக்கம் பாடப் புத்தகத்திலும் சுவர் மூலையிலும் சாம்பல் நிறத்தில் ஊசிமுனை அளவு பூச்சிகள் ஊரும். இதைப் பேன் என்றும் மூட்டைக் குஞ்சு என்றும் நினைத்துப் பயந்து மருந்து அடிக்கிறார்கள். இது புத்தகப்பேன். இரத்தம் குடிக்காது. ஈரத்தில் பூக்கும் பூஞ்சணத்தைத் தின்னும். ஈரம் போனால் தானாகப் போய்விடும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுவதும், புத்தகங்களை அடுப்பங்கரை அனலில் ஒரு பகல் விரித்து வைப்பதும் போதும். விறகடுப்பு இருந்த காலத்தில் அதற்கு மேலே இருந்த பரண் எப்போதும் சூடாகவும் உலர்ந்தும் இருந்தது. மிளகாய், மல்லி, கருவாடு எல்லாம் அங்கேதான் கிடந்தன. எரிவாயு வந்த வீடுகளில் புகை தொலைந்தது, அது மிக நல்லது. ஆனால் அந்த உலர்ந்த இடமும் சேர்ந்து போய்விட்டது. அதற்கு ஈடாக இறுக மூடும் தகரப் பேணி வேண்டும். மாவையும் மிளகாய்த் தூளையும் மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது.

அரிசி வண்டு மேட்டு நிலத்தில் மெதுவாகப் பெருகும். பதுளை, கண்டி உயரத்தில் அப்படி இல்லை. அது அரிசி மணிக்குள்ளேயே முட்டையிட்டு உள்ளேயே வளரும் பூச்சி. புடைத்து எறிந்தால் வெளியே இருப்பது மட்டும்தான் போகும், சில வாரத்தில் மறுபடி கிளம்பும். குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் நாலு நாள் வைத்தால் உள்ளே இருப்பதும் சாகும். அந்த வசதி இல்லாத வீட்டில் பேணி காலியாகும்போது கழுவிக் காயவைத்த பிறகே புது அரிசியைப் போட வேண்டும். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வண்டு ஓயாததற்குக் காரணம்.

இனி ஊவாவுக்கு வருவோம். அங்கே ஆபத்து வறட்சியில் தொடங்குகிறது. ஜூலை, ஓகஸ்ட் மாதக் காற்றில் கூரைத் தகரம் பறக்காமல் இருக்கப் பழைய டயரை மேலே தூக்கிப் போடுகிறார்கள். பீலியில் (குழாயில்) வரும் தண்ணீர் குறைந்துவிடுவதால் வீட்டுக்கு இரண்டு பரல் (பீப்பாய்) வாங்கி நிரப்பி வைக்கிறார்கள். இரண்டும் நியாயமான தேவைகள். ஐப்பசி மழையின் முதல் வாரத்தில் அந்த டயர்களில் தண்ணீர் தேங்குகிறது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த நிலையில் ஆறு மாதத்துக்கு மேலும் உயிரோடு ஒட்டியிருக்கும். சென்ற மழையில் இட்ட முட்டை இந்த மழையில் பொரிக்கிறது. நாட்டில் டெங்கு உச்சம் தொடும் இரண்டு காலங்களில் ஒன்று நவம்பர் – ஜனவரி. கூரைமேல் இருக்கும் டயரை வீடு வீடாகப் பரிசோதிப்பவர்களும் கீழிருந்து பார்க்க முடியாது. 2017-இல் நாடு முழுவதும் 186,000-க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவான ஆண்டில் கண்டி போன்ற மலையக நகரங்களும் தப்பவில்லை. குளிர் கூடிய உயரங்களில் டெங்கு குறைவுதான். ஆனால் ஆசியப் புலி நுளம்பு எனப்படும் மற்ற வகை, குளிரை இன்னும் கொஞ்சம் தாங்கும். தோட்டத்தையும் புதரையும் விரும்பும்.

டயருக்குப் பதில் யூரியா பையில் பத்துப் பன்னிரண்டு கிலோ மணல் கட்டி வைக்கலாம். இரண்டு பையைக் கம்பியால் கோர்த்து முகட்டின் இருபக்கமும் தொங்கவிட்டால் சரியாது. டயர்தான் இருக்கிறது என்றால், கீழே வரும் பக்கத்தில் விரல் பருமனில் ஐந்தாறு ஓட்டை போட வேண்டும். ஒரு ஓட்டை போதாது, இலை அடைத்துவிடும். உண்மையில் தகரத்துக்குப் போதிய ஆணி இருந்தால் டயரும் வேண்டாம், மணலும் வேண்டாம். ஆணி அலையின் முகட்டில், இறப்பர் வளையத்தோடு அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் இறங்கி, மரம் உளுத்து, ஆணி கழன்று, மறுபடி டயர்தான் ஏறும். கூரைப் பழுதும் டெங்கும் ஒரே விஷயம் என்பதைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பரலைப் பற்றி ஒன்று. தண்ணீரைக் கொட்டி மறுபடி நிரப்பினால் துப்புரவு ஆகாது. முட்டை தண்ணீருக்குள் இருப்பதில்லை. தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை தும்புத் தூரிகையால் விளிம்பைச் சுற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். பதுளைச் சூட்டில் முட்டை நுளம்பாக ஒன்றரை வாரம் அளவில் எடுக்கும். வாரம் என்ற கணக்கு அதனால்தான். வாயை நுளம்பு வலைத் துணியால் மூடி, பழைய டியூபில் வெட்டிய வளையத்தால் இறுக்கலாம். துணி தொங்கித் தண்ணீரைத் தொட்டால் நுளம்பு அந்த ஈரத் துணியிலேயே முட்டையிடும். ஆகவே பரலை விளிம்புவரை நிரப்பாமல் ஒரு சாண் குறைத்து வைக்க வேண்டும். நுளம்புப் புழுவைக் கொல்ல சுகாதாரப் பிரிவு தரும் ஒரு வீதத் தெமிபொஸ் குறுணை நூறு லீற்றருக்குப் பத்துக் கிராம் போதும். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலன் கிடைக்காது.

இடைமழை மாதங்களில், அதாவது சித்திரையிலும் ஐப்பசியிலும், இறகு முளைத்த கறையானான ஈசல் கிளம்பும். முதல் நல்ல மழைக்கு மறுநாள் மாலை விளக்கைச் சுற்றிப் பறந்து, காலையில் சன்னல் ஓரத்தில் இறகு மட்டும் கிடக்கும். வெளியிலிருந்து விளக்குக்கு வந்த ஈசல் பிரச்சினை இல்லை. விளக்கை அணைத்த பிறகும் சுவர் வெடிப்பிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ வந்தால் புற்று வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. இறகெறும்போடு குழப்பிக்கொள்ளாமல் பாருங்கள்: ஈசலுக்கு நாலு இறகும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, எறும்புக்கு முன் இறகு நீளம், இடுப்பு நூல்போல் ஒடுங்கும். கறையானின் மண்குழாயைச் சுரண்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஒரு விரல் நீளம் மட்டும் உடைத்து நாலு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். மறுபடி கட்டியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது, பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும். விறகைச் சுவரோடு சாய்த்து அடுக்குவதை நிறுத்தினாலே பாதி வழி அடைந்துவிடும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். அந்த எறும்பு ஏறும் திட்டு இப்போது நமது சமையலறை. வரிசையின் மேல் மருந்து பீச்சினால் வெளியே வந்த வேலைக்காரி எறும்புகள் மட்டும் சாகும், கூடு பிரிந்து இரண்டாகும். அரை லீற்றர் சுடுநீரில் ஐம்பது கிராம் சீனியும் ஐந்து கிராம் போரிக் தூளும் கரைத்து, பஞ்சில் நனைத்து, போத்தல் மூடியில் வைத்து வரிசையின் ஓரத்தில் விடலாம். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி மட்டம். அதற்கு மேல் போட்டால் எறும்பு கூட்டுக்குப் போகும் முன்பே செத்துவிடும். ராணிக்கு ஊட்ட ஆள் இருக்காது. முதல் இரண்டு நாள் எறும்பு கூடத்தான் செய்யும், துடைக்காமல் விட வேண்டும். பஞ்சு காய்ந்தால் புதிதாக நனைக்க வேண்டும். போரிக் தூள் பார்வைக்குச் சீனி, உப்புப் போலவே இருப்பதால், சமையலறை அலுமாரியில் வைக்கவே கூடாது.

மரவட்டையும் இதே மாதங்களில் நிறைய உள்ளே வரும். கூட்டி வெளியே தள்ளுங்கள், மருந்து தேவையில்லை.

ஈ பற்றிச் சொன்னால் மரக்கறித் தோட்டக்காரர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குக்கு நிலம் திருத்தும் போது லொறி லொறியாகக் கோழி எரு இறங்குகிறது. ஈரமான எருவில் ஈ முட்டையிடும். கூட்டிலிருந்து வரும்போதே புழு இருக்கும் மூட்டையும் உண்டு. சித்திரை விடுமுறைக் கூட்டத்தின் சாப்பாட்டில் மொய்க்கும் ஈக்கள், அதற்கு முந்திய வாரங்களில் மூடாமல் கிடந்த எருவில் பிறந்தவை. குளிர் வளர்ச்சியை நீட்டினாலும் குவியலின் உள்சூடு அதைச் சுருக்கிவிடும். எருவை இறக்கிய அன்றே தடித்த கறுப்புப் பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் புதைத்து, இரண்டு வாரம் விட்டால் நடுவில் புழு தாங்க முடியாத சூடு ஏறும். ஓரத்தில் சூடு ஏறாது, புழு அங்கே ஒதுங்கும். ஆகவே ஏழாம் நாள் ஓரத்து எருவை நடுவுக்கு வெட்டிப் போட்டு மறுபடி மூட வேண்டும். வயலில் போட்டதை அன்றே மண்ணோடு கொத்திவிட வேண்டும். இதைச் செய்யாமல் வீட்டுக்காரர் ஈ மருந்துக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதாகும்.

மார்கழி, தையில் மேற்குச் சரிவிலும் நுவரெலியாவிலும் இரவுக் குளிர் கடுமையாகும். கரப்பான் பூச்சி வீடெங்கும் திரிவதை விட்டுச் சூடு இருக்கும் இரண்டு மூன்று இடத்தில் கூடும்: குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார், அடுப்புத் திண்டின் அடி, தொலைக்காட்சியின் முதுகு. அதை ஒழிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் தொல்லை குறைந்ததாக நினைத்து எல்லோரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். போரிக் தூளும் கோதுமை மாவும் சம அளவு, அதில் பாதி சீனி, அரைத்த வெங்காயம் சிறிது சேர்த்துப் பிசைந்து கடலை அளவு உருண்டையாக அந்த இடங்களின் இடுக்கில் வைக்கலாம். பிள்ளைகளின் கை எட்டாத இடம் என்பது கட்டாயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், காய்ந்ததைத் தின்னாது. இந்தத் தீனி வைத்த இடத்தில் பீச்சும் மருந்தை அடிக்காதீர்கள், அந்த வாடைக்குக் கரப்பான் தீனிக்கே வராது. தூளாகத் தூவுவது வறண்ட மாதத்தில்தான் உதவும். மழை மாதத்தில் கட்டியாகிவிடும். முதுகில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள சிறிய கரப்பான் என்றால் இன்னும் அவசரம். பெண் பூச்சி முப்பது நாற்பது முட்டை உள்ள பையைப் பொரிக்கும் தறுவாய்வரை சுமந்தே திரியும்.

அந்தச் சின்னக் கரப்பானும் மூட்டைப்பூச்சியும் பருவத்தைப் பார்த்து வருவதில்லை, பேருந்தில் வருகின்றன. தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வரும் பையிலும் மெத்தைச் சுருட்டிலும் இறங்குகின்றன. பையை இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையிலேயே) திறந்து, துணியை நேரே கொதித்து ஆறிய 60 பாகைச் சுடுநீரில் போடுவது அவமரியாதை ஆகாது. கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைக்கும் முறை கொழும்பில் பலிக்கலாம். நுவரெலியா வெயிலில் மூட்டை சாகும் சூடு உள்ளே வராது. மரக்கட்டிலின் பொருத்துகளில் கொதிக்கும் கேத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மேலே சொன்ன நாள் கணக்கில் திரும்பச் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவது லயத்தில் தீயை அழைப்பதற்குச் சமம்.

தீபாவளிக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதும் மருந்து அடிப்பதும் பல இடங்களில் ஒரே வாரத்தில் நடக்கின்றன. மருந்து அடித்த சுவரில் சுண்ணாம்பு பூசினால் மருந்து அடியில் போய்விடும். சுண்ணாம்பு அடித்த பிறகு மருந்து அடித்தாலும் முழுப்பயன் இல்லை. இன்று அதிகம் பாவனையில் உள்ள பைரெத்ரொயிட் வகை மருந்து காரத்தில் சிதையும். கதவு நிலை, கட்டில் கால், மேசையின் அடி, அலுமாரியின் முதுகு ஆகிய மர இடங்களில் அடிப்பதே பயன் தரும். புகை அடிப்பதும் அப்படித்தான். நடுப்பகலில், ஹப்புத்தளைக் காற்றில், புகை அடுத்த மலைக்குப் போய்விடும். காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும். டெங்கு நுளம்பு கடிக்கும் நேரமும் அதுவே.

தேயிலைக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்தை மிச்சம் பிடித்து, சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் அடிக்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமையலும் படுக்கையும் ஒன்றாக இருக்கும்போது அந்த மருந்து பூச்சியைவிட முதலில் பிள்ளையைத் தொடும். 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மருந்துக்கு இலக்கம் இருக்கும். அந்த இலக்கமும் தமிழில் பயன்பாட்டு முறையும் இல்லாத போத்தலை வாங்காதீர்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்பது இரண்டு. வருட வேலைத் திட்டத்தில் மேற்குச் சரிவுக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தையும், ஊவாவுக்கு செப்டெம்பர் மூன்றாம் வாரத்தையும் கூரை, கான், ஓட்டை, பரல் வேலைக்கு ஒதுக்குங்கள். மருந்து அடிக்கும்போது ஒரு லயத்தின் எல்லாக் காம்பராவுக்கும் ஒரே நாளில் அடியுங்கள். மூன்று வீட்டுக்கு இன்றும் மற்றவற்றுக்கு அடுத்த மாதமும் என்றால் கரப்பான் நடுச்சுவரைக் கடந்து அந்தப் பக்கம் தங்கிவிட்டுத் திரும்பும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டி அறிவித்தால் வேலைக்குப் போகிறவர்கள் பாத்திரத்தையும் தீனியையும் மூடி வைத்துவிட்டுப் போவார்கள்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. காலநிலை அறிவித்தலை வெளியிடும் பக்கத்தில் மத்திய மலைநாடு என்று ஒரே வரியில் போடாமல், மேற்குச் சரிவு, ஊவா என இரண்டாகப் பிரித்து, அந்தந்தப் பக்கத்தில் அந்த மாதம் வீட்டில் பார்க்க வேண்டியது என்ன என்று இரண்டு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பொதுச் சுகாதாரத்தில் அக்கறையுள்ள வாசகர்கள்,
ஹட்டன், பண்டாரவளை.